நிறைஞ்சாத்தான் வண்டி கிளம்பும்

"கீழ இறங்குங்கடா எல்லாரும்!"

வேன் நிலைய அதிகாரி ஜிலானி போட்ட சத்தத்தில் மரத்தடியில் நின்ற பயணிகள் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டிரைவர் மோன்ஜி ஓடி வந்தான். அவனுடைய வேனுக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எங்கய்யா போற?" முதலில் இறங்கியவரை ஜிலானி மடக்கினார்.

"கஃப்ஸாவுக்கு ஐயா."

"கஃப்ஸாவுக்கு இந்தக் கோலத்துலயா? தோள்ல முடி வெட்டுற துணி, கையில சீப்பு!"

சலூன்காரர் கமைஸ் அவசரமாகத் துணியை உருவினார். "அங்க ஒருத்தருக்கு அவசரமா முடி வெட்டணும்..."

மற்ற மூன்று பேரும் லேசுப்பட்டவர்களா? மோன்ஜியின் மச்சான், அந்த மச்சானுக்கு ஒரு மச்சான், எதிர்க்கடையில் டீ போடுகிறவர்.

எட்டு சீட்டும் நிறைந்தால்தான் லுவாஜ் என்கிற ஷேர் வேன் கிளம்பும். ஆனால் காலி வேனில் முதல் ஆளாக ஏற எவனுக்கும் மனசு வராது. உள்ளே நாலு தலை தெரிந்தால் போதும், 'இதோ கிளம்பப் போகுது' என்று ஓடி வந்து ஏறுவார்கள். அப்புறம் அந்த நாலு தலையும் ஒவ்வொன்றாக நழுவிவிடும். துனீசியா முழுக்க இது ஊரறிந்த ரகசியம்தான்.

"நம்பி வர்ற ஜனங்களை இப்படி ஏமாத்துறியே, வெட்கமா இல்ல? என் நிலையத்துல பொய்க்கு இடமே கிடையாது. எடு பெர்மிட்டை! பக்ரீத் முடிஞ்சப்புறம் வந்து வாங்கிக்கோ."

"ஐயா, பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. இப்ப ஓடினாத்தான் ஓட்டம். கொம்பு வெச்ச ஆடுதான் வேணும்னு பிள்ளைங்க ஒத்தக் கால்ல நிக்குதுங்க..."

"அது உன் பாடு."

பெர்மிட் ஜிலானியின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள், டீக்கடையில் மோன்ஜி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அதே ஜிலானி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கையாலேயே டீயை நகர்த்தி வைத்தார்.

"மோன்ஜி தம்பி, நல்லா இருக்கியா?"

தம்பியா! மோன்ஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாளைக்கு நம்ம நிலையத்துப் புது பயணிகள் மண்டபத்தைத் திறந்து வைக்க மந்திரி வர்றாரு."

"வரட்டும் ஐயா."

"மண்டபத்துக்குள்ள ஒரு ஆளும் இல்லையேப்பா!"

எப்படி இருப்பான்? மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. மத்தியானத்தில் உள்ளே அடுப்பில்லாமல் ரொட்டி சுடலாம். பரிசு வாங்கின பொறியாளர் வரைந்த மண்டபம்; முன்பக்கம் நாலு வாசல் வைத்தவர், பின்பக்கம் வேன் நிற்கிற இடத்துக்குப் போக ஒரு வாசல் வைக்க மறந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தவன் முழு மண்டபத்தையும் சுற்றி ஓடி வருவதற்குள் வேன் போயே போய்விடும். ஜனங்கள் கட்டடத்தைக் கும்பிட்டுவிட்டு மரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள்.

"உங்கிட்ட ஆள் இருக்குமே..." ஜிலானி குரலைத் தாழ்த்தினார். "அறுபது பேர். பெட்டி படுக்கையோட."

"இது ஏமாத்து இல்லையா ஐயா?"

"சேச்சே! இது அரசாங்க விழாப்பா."

"என் பெர்மிட்டு?"

"விழா முடியட்டும், பார்க்கலாம்."

அந்த 'பார்க்கலாம்' மோன்ஜிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினான்.

மறுநாள் அறுபது பேர் காலிப் பெட்டிகளோடு கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். கமைஸ் இந்த முறை துணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

மந்திரியின் காரும் பின்னாலேயே பத்துக் கறுப்புக் கார்களும் வந்து நின்றன. மந்திரி இறங்கவில்லை. அவருடைய செயலாளர் மட்டும் இறங்கி மண்டபத்தை நோக்கி நடந்து வந்தார்.

"ஏன் ஐயா அவர் இறங்கல?" என்று கேட்டான் மோன்ஜி.

"உள்ள ஆள் இருக்கான்னு முதல்ல பார்த்துட்டு வரச் சொல்வாரு. காலி மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டாரு."

"அட, நம்ம பயணி மாதிரியேதான்!"

சொல்லிவிட்டு மோன்ஜி கையைத் தட்டினான். "எல்லாரும் எந்திரிங்கப்பா! கிளம்பலாம்."

அறுபது பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஜிலானியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், என்னடா பண்ற? என் பதவி உயர்வே இதுலதாண்டா இருக்கு!"

"என்ன பண்றது ஐயா, இங்க பொய்க்கு இடமே கிடையாதுன்னு நீங்க சொன்னீங்களே. அது மனசை உறுத்துது."

செயலாளர் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார். ஜிலானியின் கை சட்டைப் பைக்குள் பாய்ந்தது. பெர்மிட் மோன்ஜியின் கைக்கு வந்தது.

"உட்காருங்கப்பா, உட்காருங்க."

செயலாளர் எட்டிப் பார்த்தார். திரும்பிக் கையசைத்தார். மந்திரி புன்னகையோடு இறங்கி வந்தார். "மக்கள் பொய் சொல்ல மாட்டாங்க! இந்தக் கூட்டமே சாட்சி!" என்று பேச ஆரம்பித்தார். எல்லாரையும்விட பலமாகக் கை தட்டியவர் ஜிலானிதான்.

மோன்ஜி நைசாக நழுவினான். பெருநாளுக்கு முன்னால் வண்டி ஓட்ட இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது, கொம்பு வெச்ச ஆடு கண் முன்னால் நின்றது. மண்டபத்தைச் சுற்றிப் போகிற வழியில் அந்தப் பத்துக் கறுப்புக் கார்களும் வரிசையாக நின்றன. சீட்டை எண்ணிப் பழகின கண் சும்மா இருக்குமா? ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தான். பின் சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. கடைசிக் காரின் டிரைவரிடம் குனிந்தான்.

"உன் கார்ல வந்தது யாரு தம்பி?"

"யாருமில்லண்ணே. பின்னாடி பத்துக் கார் வந்தாத்தான் பெரிய மந்திரின்னு ஜனம் நம்புமாம். பத்தும் காலியாத்தான் வருது."

மோன்ஜி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே சொன்னான்:

"சூதானமா இரு தம்பி. உள்ள ஜிலானின்னு ஒரு நேர்மையான அதிகாரி இருக்காரு. பார்த்தார்னா பெர்மிட்டைப் பிடுங்கிடுவாரு!"