மெஷின் பொய் சொல்லாது

மொட்டைக் கடிதம் எழுதியவரைப் பிடிக்க, மேனேஜர் நாடித்துடிப்பு காட்டும் கிளிப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். கிடங்கின் அவசர வழியை அவர் பூட்டியே வைத்திருக்கிறார் என்று தலைமை அலுவலகத்துக்கு யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே வேண்டும்!

முதலில் ஸ்டோர்கீப்பரின் விரலில் மாட்டினார்.

"எழுதினது நீயா?"

"இல்ல சார்."

எவ்வளவு அதட்டியும் துடிப்பு தொண்ணூற்றாறிலேயே குத்துக்கல்லாக நின்றது.

"தப்பிச்சே, போ!"

அடுத்து டைப்பிஸ்ட். மேனேஜர் உறுமிய உறுமலில் எண்பதாக இருந்த துடிப்பு நூற்று முப்பதுக்கு எகிறியது.

"சிக்கினியா? இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது!"

"சத்தியமா நான் இல்ல சார்!" அவள் அழுதாள்.

வாசல்வரை போன ஸ்டோர்கீப்பர் திரும்பி வந்தார். "அந்தப் பொண்ண விடுங்க சார். எழுதினது நான்தான்."

மேனேஜர் இளித்தார். "அவளுக்கு வக்காலத்தா? நீ பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது."

ஸ்டோர்கீப்பர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே நீளமான தையல் தழும்பு.

"இது வேற ஒருத்தரோட இதயம் சார். போன வருஷம் மாத்தி வெச்சாங்க. மூளையிலிருந்து வர்ற நரம்பெல்லாம் அப்பவே அறுந்துபோச்சு. நான் நடுங்கினாலும் அதுக்கு உடனே தெரியாது."

அசந்து நின்ற மேனேஜரின் விரலில் கிளிப்பை மாட்டினார்.

"உங்களோடது சொந்த இதயம்தானே? இப்பச் சொல்லுங்க. அந்தக் கதவைப் பூட்டினது யாரு?"

மேனேஜர் வாயைத் திறக்கும் முன்பே கிளிப் நூற்று நாற்பது என்றது.