சரிவு பார்க்கும் கண்ணாடி

இவர் ஏன் அந்தக் கண்ணாடியை வீட்டிலும் கழற்றுவதில்லை?

கோல்ஃப் மைதானத்துப் புல்தரையின் சரிவைப் படித்து, பந்தை எந்தக் கோட்டில் தட்டினால் குழியில் விழும் என்று காட்டுகிற கண்ணாடி. இப்போது முகங்களையும் படித்து, எதைச் சொன்னால் மனம் சாயும் என்று காட்டுகிறதாம். மிருதுளா கேரட் சீவியபடியே கணவனைக் கவனித்தாள். பந்தைச் சுற்றிவருவதுபோல் கோகுல்ராஜ் அவளை ஒருமுறை சுற்றிவந்து, எதிரே குந்தி அமர்ந்தான்.

"மிருது, வாராவாரம் கோயம்புத்தூர் போயிட்டு வர்றது உன்னைப் படுத்தி எடுக்குது. வேலையை விட்டுடேன். ஊட்டியிலேயே இருந்துடலாம்."

அவள் மனம் சட்டென அவன் பக்கம் சாய்ந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சில நாட்களாக அவனுடைய ஒரு சொல்லும் குறி தப்புவதில்லை.

"அதைக் கழட்டிட்டுக் கேளுங்க."

"சந்தேகப் பேயே!"

சிரித்துக்கொண்டே கழற்றி மேஜையில் வைத்தான். கண்கள் அவள் முகத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைந்தன.

"அது வந்து... நீ இங்க இருந்தா எனக்கு... இல்ல, உனக்கு..."

அவன் கை தானாகவே மேஜையைத் துழாவியது.

மிருதுளா கண்ணாடியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மாட்டிக்கோங்க. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போறேன்."