லண்டனிலிருந்து நாலு நாள்

"நீங்கள்லாம் பூகோள வாத்தியாரா சார்?"

தணிகாசலம் போட்ட சத்தத்தில், கருமாதிக்கு வந்திருந்த செவிலிமேட்டு சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

திண்ணையோரம் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தி வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"லண்டன்லேர்ந்து மெட்ராஸ் வர நாலு நாள் ஆகும்னு சொன்னீங்களாமே?"

"ஆமா. ஐயாயிரம் மைல் ஆச்சே. வழியில அங்கங்க எறங்கி ஏறணும்..."

"நான் மீனம்பாக்கத்துல வேலை செய்றேன் சார். ராத்திரி அங்க ஏறினா மறுநாள் பம்பாய். அங்கேர்ந்து ரெண்டு மணி நேரத்துல மெட்ராஸ். முழுசா ஒண்ணரை நாள் ஆகாது!"

தணிகாசலம் லோகாம்பாளின் தங்கை மருமகன். சாவுக்கு வர முடியாமல் காரியத்துக்கு வந்திருந்தான்.

பதினாறு நாளுக்கு முன்னால் லோகாம்பாளின் புருஷன் அப்பாதுரை இறந்துபோனார். ஒரே பிள்ளை ராஜகோபால் லண்டனில். அவனுக்கு டிரங்க் கால் போட இங்கிலீஷ் தெரிந்தவர் வேண்டுமென்று, அவனுக்குப் பாடம் சொன்ன சக்கரவர்த்தியைத்தான் அனுப்பினார்கள். தபாலாபீசில் ஆறு மணி நேரம் காத்திருந்து பேசிவிட்டு வந்தார்.

"பையன் தேம்பித் தேம்பி அழறான். பிளேன்ல வந்தாலும் நாலு நாள் ஆயிடும்னு நான்தான் கணக்குச் சொன்னேன். அப்ப காத்திருக்க வேணாம்னுட்டான்" என்றார்.

அன்று சாயங்காலமே பாலாற்றங்கரையில் பங்காளி மகன் கொள்ளி வைத்தான்.

"ஐஸ் போட்டு ரெண்டு நாள் வெச்சிருந்தா புள்ள வந்திருப்பானே!" என்றார் ஒரு பெரியவர்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இன்னா படிச்சாரோ!" என்றது இன்னொரு குரல்.

உள்ளேயிருந்து லோகாம்பாள் அலறினாள்.

"பெத்த புள்ள கையால கொள்ளி வாங்கக் குடுத்து வெக்கலியே அந்த மனுசன்! உங்க வாயாலதானே சார் இப்டி ஆச்சு!"

"தப்புதாம்மா. கணக்கு தவறிப்போச்சு" என்றார் சக்கரவர்த்தி.

எல்லாரும் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனார்கள். வாத்தியாரை யாரும் கூப்பிடவில்லை. அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"சார்."

கதவோரத்தில் லோகாம்பாள் தனியாக நின்றிருந்தாள்.

"வர மாட்டேன்னுதானே சொன்னான்?"

சக்கரவர்த்தி திடுக்கிட்டார். "அப்டியெல்லாம் இல்லம்மா..."

"போன வருசம் அவன் லண்டன் போக இங்கேர்ந்து புதங்கெழம ராத்திரி பிளேன் ஏறினான் சார். வெள்ளிக்கெழம காலையிலயே, வந்து சேந்துட்டேன்னு தந்தி வந்துச்சு. நாலு நாள்னு நீங்க சொன்னப்பவே எனக்கு வெளங்கிப்போச்சு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

பின்கட்டில் தணிகாசலம் இன்னமும் வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

லோகாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். ஊரு வாயில என் புள்ள வுழறதுக்குப் பதிலா நீங்க வுழுந்தா தாங்கிப்பீங்கன்னுதான் நானும் சேந்து கத்தினேன்."