பீரில் ஒரு வாழ்த்து

ககேத்தி என்ற ஒயின் வட்டாரத்தில், அவ்தாந்தில் என்ற கர்னல் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றதும் திராட்சை பயிரிட்டு ஒயினும் சாராயமும் வடித்து வந்தார். அந்தத் தோட்டத்தை அழித்துத் துப்பாக்கிப் பயிற்சித் திடலாக்க, மாஸ்கோவிலிருந்து ஜெனரல் குஸ்மின் வந்தார். வேலியோரம் இரண்டு புல்டோசர்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"தகராறு பண்ணாம குடுத்துடு, கர்னல்."

"முதல்ல உக்காருங்க. வந்தவங்களை வாழ்த்தாம அனுப்புற வழக்கம் இங்க இல்ல."

மேசைக்குப் பீர் வந்தது.

"எங்கய்யா உன் சாராயம்? அதை நெனச்சுத்தான் வாய் ஊறுது."

"உங்களுக்கு இதுதான்."

கர்னல் எழுந்தார். கூடியிருந்த ஊரே எழுந்தது.

"ஜெனரலோட பதவிக்கு! அவரோட உத்தரவுக்கு! அவரோட நீண்ட ஆயுசுக்கு!"

எல்லோரும் குடித்தார்கள். ஜெனரலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிஜமான சிப்பாய்யா நீ!"

கர்னலைத் தழுவிவிட்டு, புல்டோசர்களைக் கிளம்பச் சொல்லிக் கை காட்டினார்.

உள்ளூர்க்காரர்களான ஓட்டுநர்கள் இருவரும் என்ஜினை அணைத்தார்கள். இறங்கி வந்து, ஆளுக்கொரு கோப்பை பீரை ஜெனரலை நோக்கி உயர்த்தினார்கள்.

"என்ன பண்றானுங்க இவனுங்க?"

கர்னலின் மனைவி எதெரி, ஜெனரலின் கோப்பையை மீண்டும் நிரப்பினாள்.

"நல்லாருக்கணும்னு நெனச்சா எங்க ஊர்ல ஒயின்ல வாழ்த்துவோம், ஜெனரல். நாசமாப் போகணும்னா பீர்ல."