மீன் கொத்திய மூடி

தெர்மாகோல் துண்டு கிண்ணத்துப் பெட்ரோலில் விழுந்தது.

லேசாகச் சீறியது. சுருங்கியது. காணோம்.

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் சளி மாதிரி ஏதோ கிடந்தது.

இன்னொன்றைப் போட்டாள். அதுவும் போயிற்று.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வேடிக்கையாக இருந்தது. குடத்துத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டாள். மிதந்தது. அழுத்தினால் துள்ளி மேலே வந்தது. நல்ல பிள்ளை.

கொஞ்சம் தள்ளி மணலில் படகு நின்றது. அவள் கணவன் கஸ்பார், பின்பலகைக்கு அடியில் உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளைத் திணித்துக்கொண்டிருந்தான். நாளை கடலுக்குப் போகிறான். இனித் தண்ணீர் ஏறினாலும் படகு முழுகாது என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. போன ஆடியில் படகு முழுகியபோது, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்றைக் கட்டிப் பிடித்து மிதந்து பிழைத்தவன். அந்த மூடி வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் தொட்டு முத்தமிடுவார்கள். அடிப்பக்கமெல்லாம் குழி. மீன் கொத்தியது என்பான்.

பெட்ரோல் கேனும் பின்பலகையை ஒட்டித்தான் இருக்கும். அது கசியாத நாளில்லை. கிண்ணமே அந்தக் கசிவைப் பிடிக்க வைத்ததுதான்.

அவள் ஒரு துண்டைப் பாதி நனைத்து, சட்டென்று எடுத்தாள்.

திருப்பினாள்.

குழி குழியாக இருந்தது.

தினமும் பார்க்கிற குழிகள்.

வீட்டுக்கு ஓடினாள். மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் பலகையை வைத்து ஆணியடிக்கச் சுத்தியலை எடுத்திருந்தான்.

“ஏட்டி, அத எதுக்கு எறக்குன?”

அவள் மூடியின் அடிப்பக்கத்தை அவனுக்குக் காட்டி, பக்கத்தில் அந்தத் துண்டைப் பிடித்தாள்.

அவன் துண்டை முகர்ந்தான். மூடியைப் பார்த்தான். மறுபடி துண்டை.

“அன்னைக்குக் கேன் ஒடஞ்சு, என்னச் சுத்திப் பெட்ரோலாத்தான் கெடந்துச்சு” என்றான் மெதுவாக.

சுத்தியல் மணலில் விழுந்தது.

அவன் ஒரு குழிக்குள் விரலை விட்டான். மறுபக்கம் நின்ற அவளுக்கு, தாள் மாதிரி மெலிந்திருந்த மூடி வழியே, வெயிலில் அந்த விரல் நுனி நிழலாகத் தெரிந்தது.