மிதித்த கால்

“அங்கேயே நில்லுங்க சின்னம்மா,” என்று நிலவறை வாசலை மறித்தார் வைன் பக்குவம் பார்க்கும் ஆன்செல்ம். “தொட்டியில திராட்சை பொங்கிட்டிருக்கு. பொம்பள உள்ள வந்தா வைன் காடியாயிடும். எங்க தாத்தா காலத்துலேருந்து பர்கண்டியில இதான் வழக்கம்.”

தோட்டத்து முதலாளியின் மகள் ஒதீல் நகரவில்லை. துணி சுற்றிய புட்டியிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள்.

“குடிச்சுட்டுச் சொல்லுங்க. எந்த வருஷம்?”

ஆன்செல்ம் மோந்தார், வாயில் உருட்டினார். ருசி பார்ப்பவர்கள் வழக்கப்படி துப்ப மனம் வராமல் விழுங்கினார்.

“இதைக் கேக்கணுமா? தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, என் கைப்பக்குவம். ஆம்பளை கால் மிதிச்சாத்தான் இந்த ருசி வரும்.”

ஒதீல் துணியை உருவினாள். புட்டியில் ஒட்டிய சீட்டில் 1917 என்றிருந்தது.

“அந்த வருஷம் எங்க இருந்தீங்க?”

“சண்டையில. ஊர்ல நடமாடுற ஆம்பளை ஒருத்தன் மிச்சமில்ல, எல்லாரையும் போர்முனைக்கு...” ஆன்செல்ம் கையிலிருந்த கோப்பையை மறுபடி பார்த்தார்.

“தொட்டியில இறங்கி மிதிச்சது நானும் உங்க வீட்டம்மாவும். நீங்க கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க.”

ஒதீல் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

“வழிய விடுங்க. அவங்களும் பின்னால வந்துட்டிருக்காங்க.”