பொய்ப்பூச்சியும் மெல்லிய நரம்பும்

மலை ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்க வந்தவர், இறகு சுற்றிய தூண்டில் முள் ஒன்றைத் தடித்த நைலான் நரம்பில் கட்டித் தண்ணீருக்குள் அமிழ விட்டார். பார்வைக்கு அது பூச்சி. தடித்த நரம்பு பிடித்திருந்ததால் அதற்குப் பரம நிம்மதி.

"என்னை நம்பி இரு. ஆட்டையே கட்டி இழுக்கலாம்" என்றது தடி நரம்பு.

ட்ரவுட் வந்து பார்த்தது. "கயிறு கட்டிக்கிட்டு நீந்துற பூச்சியை எவன் தின்பான்?" என்று திரும்பிப் போய்விட்டது. மூன்று முறை வீசியும் இதே கதை.

அவர் தடி நரம்பைக் கழற்றிப் பையில் போட்டார். தலைமுடி போல் ஒரு மெல்லிய நரம்பை எடுத்துக் கட்டி, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினார்.

பூச்சி அலறியது. "ஐயோ, இதுலயா? நீ அறுந்தா நான் ஓடைக்கு அடியில கிடந்து துருப்பிடிச்சே சாவேன்!"

"கத்தாதே. மீனுக்குக் கேட்கும்" என்றது மெல்லிய நரம்பு.

இந்த முறை ட்ரவுட் கண்ணுக்கு நரம்பு தெரியவில்லை. பூச்சியை லபக்கென்று கவ்விக்கொண்டு ஓடியது. நரம்பு விண்ணென்று நின்றது. பூச்சி கண்ணை மூடிக்கொண்டது. அவர் அவசரப்படவில்லை. மீன் ஓடியபோது நரம்பை விட்டுக்கொடுத்தார், களைத்தபோது சுற்றினார். கடைசியில் அது அவர் நீட்டிய கைவலைக்குள் வந்து விழுந்தது. அவர் முள்ளைப் பத்திரமாகக் கழற்றினார்.

"அப்பாடா, பிழைச்சேன்!" என்று பூச்சி ஈர இறகை உதறியது. "ஆமாண்ணே, நீங்க இதுவரை எத்தனை தடவை அறுந்திருக்கீங்க?"

"ஏழு."

பூச்சி தன் முடிச்சை ஒரு முறை குனிந்து பார்த்தது.

"நல்லவேளைண்ணே, முன்னாலேயே கேட்காம இருந்தேன்."